பெண்டிரைவைச் செருகியும் கணினி எழவில்லையா? ‘ஃபார்மெட்’ செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலி உள்ள மடிக்கணினிகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பிள்ளைகளின் இணையவழிக் கற்றலுக்காகப் பழையதாக வாங்கிய மடிக்கணினிகளில் பல இந்த ரகம்தான்.

அப்படி ஒரு கணினி திடீரென ஒருநாள் திறக்க மறுத்தால், கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் “ஃபார்மெட் பண்ணிடலாம்” என்பதுதான். கணினி திரும்பி வந்துவிடும். ஆனால் பிள்ளையின் எஸ்பிஎம் பாடக் குறிப்புகளும், தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும், ஆலயத் திருவிழாக் கணக்கும், முரசு அஞ்சலில் தட்டச்சு செய்து வைத்த பழைய அழைப்பிதழ்களும் திரும்பி வரா.

விண்டோஸ் திறக்கவில்லை என்பதால் உள்ளே இருக்கும் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. வீட்டுக் கதவின் பூட்டு கெட்டுப்போனால் அலமாரியில் உள்ள நகை காணாமல் போவதில்லை அல்லவா? பள்ளிப் பாடத்தில் ‘விரலி’ என்றும் வீட்டில் ‘பெண்டிரைவ்’ என்றும் சொல்லப்படும் அந்தச் சின்னப் பொருளில் ஓர் இயங்குதளத்தை முறையாக எழுதிச் செருகினால், கணினி அதைக் கொண்டே எழும். கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். பிறகு புதிய இயங்குதளத்தையும் நிறுவலாம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெண்டிரைவைச் செருகுகிறார்கள், கணினியை முடுக்குகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. அல்லது ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வருகிறது. கணினியே செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்து, அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானதாக இருக்கும்.

கணினியின் காலைப் பெரட்டு

மின்விசையை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் சிறிய மென்பொருள் ஒன்று குடியிருக்கிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். ஏறத்தாழ விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிந்திய கணினிகளில் யூஇஎஃப்ஐ. முதலில் எழுவது அதுதான்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை எளிதில் புரியும். கிராணி கையில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவதைப் போல, இந்த மென்பொருளும் ஹார்ட் டிஸ்க், பெண்டிரைவ், வலைத்தொடர்பு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடும். முதலில் யார் “இருக்கேன்” என்று சரியாகக் குரல் கொடுக்கிறாரோ அவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே, பெண்டிரைவிலிருந்து கணினி எழவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். பெண்டிரைவுக்குக் குரல் கொடுக்கத் தெரியவில்லை. அல்லது அதன் பெயரைக் கூப்பிடும் முன்பே ஹார்ட் டிஸ்க் வேலையை வாங்கிக்கொண்டது. அல்லது கூப்பிட்டும், “நீ யார், அடையாள அட்டை எங்கே” என்று அது திருப்பி அனுப்பப்பட்டது.

பெண்டிரைவே சரியாக எழுதப்படவில்லை என்றால்

முதல் சந்தேகம் பெண்டிரைவின் மீதுதான் விழ வேண்டும். இணையத்திலிருந்து பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை, பாட்டை நகலெடுப்பதுபோல் பெண்டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் அது எழாது. கணினிக்கு அது வெறும் ஒரு கோப்பு. ரூஃபஸ், எட்சர், வென்டாய் போன்ற மென்பொருள்களில் ஒன்றைக் கொண்டு அதைத் தொடக்க வட்டாக மாற்றி எழுத வேண்டும். விண்டோஸுக்கென்றால் மைக்ரோசாப்ட்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ போதும். அதற்குக் குறைந்தது 8 ஜிபி பெண்டிரைவ் தேவை. எந்த மென்பொருளானாலும் சரி, எழுதும்போது பெண்டிரைவில் ஏற்கெனவே இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். பிள்ளையின் பள்ளிப் பாடங்கள் உள்ள பெண்டிரைவை இதற்கு எடுக்கக் கூடாது.

வீட்டில் இருக்கும் ஒரே கணினி படுத்துவிட்டால் எதில் வைத்து எழுதுவது? உறவினர் வீட்டுக் கணினியைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி இருந்தால், ‘எட்ச்டிராய்டு’ என்ற இலவசச் செயலியின் வழி, ஓடிஜி இணைப்பானில் பெண்டிரைவைப் பொருத்தி லினக்ஸ் கோப்புகளை எழுத முடியும். லினக்ஸ் மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும் என்பதால் கைத்தொலைபேசியின் தரவு அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எழுதி முடித்த பெண்டிரைவை மறுபடியும் விண்டோஸ் கணினியில் செருகினால், ‘இந்த வட்டை ஃபார்மெட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று சில நேரம் கேட்கும். லினக்ஸ் முறையில் எழுதப்பட்டதை விண்டோஸால் படிக்க முடியாததால் வரும் கேள்வி அது. பயந்துபோய் ‘சரி’ என்று அழுத்தினால் செய்த வேலை முழுவதும் வீண்.

பசார் மாலாமிலும் இணையக் கடைகளிலும் 2 டிபி என்று அச்சிட்டுக் கொள்ளை மலிவாக விற்கப்படும் பெண்டிரைவ்கள் இன்னொரு தொல்லை. உள்ளே இருப்பது சில ஜிபி மட்டுமே. அதிகம் இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி அவற்றின் சில்லு மாற்றப்பட்டிருக்கும். எழுதுவது போலவே காட்டும், எழும்போது பாதியில் நின்றுவிடும். ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளால் உண்மையான கொள்ளளவைக் கண்டுபிடித்துவிடலாம். எட்சர் மென்பொருளோ எழுதி முடித்ததும் தானாகவே ஒருமுறை சரிபார்க்கும். அதில் பிழை காட்டினால் அந்தப் பெண்டிரைவைக் குப்பையில் போடுவதே உத்தமம்.

விசையை அழுத்தியும் விண்டோஸே வந்தால்

பெண்டிரைவ் சரியாக இருந்தாலும் அதன் பெயரைக் கூப்பிட வைக்க வேண்டும். அதற்கு ‘பூட் மெனு’ என்ற பட்டியலைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோ திங்க்பேட் ஆகியவற்றில் எஃப்12 விசை. எச்பியில் முதலில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். லெனோவோ ஐடியாபேட்டில் பக்கவாட்டில் ஊசிமுனையால் குத்தும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். ‘நோவோ’ பொத்தான் எனப்படும் அதை அழுத்தினால் பட்டியல் வரும். ஏசர் மடிக்கணினிகளில்தான் குழப்பம் அதிகம். அவற்றில் எஃப்12 வேலை செய்ய வேண்டுமானால், முதலில் எஃப்2 அழுத்தி அமைப்புக்குள் நுழைந்து ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை இயக்கி வைக்க வேண்டும். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

மின்விசையை அழுத்திய உடனே, நிறுவனத்தின் சின்னம் தோன்றுவதற்கு முன்பிருந்தே இந்த விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஃப் விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் விசைகளாக அமைந்திருந்தால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அப்படியும் பிடிபடாததற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் உட்கருவின் நிலையை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். அடுத்த முறை முடுக்கியதும் வேகமாக எழுந்துவிடும். விந்தை என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் அது முழுமையாக அணைந்து எழுகிறது. எனவே விண்டோஸ் இன்னும் திறக்கிற நிலையில் இருந்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ அழுத்துவது நல்ல வழி. நீலத் திரை ஒன்று வரும். அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் பெண்டிரைவின் பெயரைக் காட்டும். விசைகளோடு போராட வேண்டியதில்லை.

ஒரே பெண்டிரைவ், இரண்டு பெயர்கள்

பட்டியல் திறந்ததும் சில கணினிகளில் அதே பெண்டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்றிருக்கும், மற்றொன்றில் இருக்காது. முதலாவது புதிய முறை, இரண்டாவது ‘லெகசி’ எனப்படும் பழைய முறை. லினக்ஸ் கோப்பை எட்சரில் எழுதியிருந்தால் பெரும்பாலும் இரண்டிலும் எழும். விண்டோஸுக்காக ரூஃபஸில் எழுதும்போதுதான் ‘ஜிபிடி’யா ‘எம்பிஆர்’ஆ என்று ஒரு கேள்வி வரும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த கணினிக்கு ஜிபிடி, விண்டோஸ் 7 காலத்துக் கணினிக்கு எம்பிஆர் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தவறான பெயரில் எழுந்தாலும் விண்டோஸ் நிறுவும் திரை வந்துவிடும் என்பதுதான் சிக்கல். கடைசிக் கட்டத்தில்தான், ‘இந்த டிஸ்க் ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் விண்டோஸை நிறுவ முடியாது’ என்று அது நிறுத்தும். இணையத்தில் தேடினால், ‘டிஸ்க்பார்ட்’ திறந்து ‘கிளீன்’ கட்டளை கொடுங்கள் என்று ஆலோசனை கிடைக்கும். அந்த ஒரு சொல் டிஸ்க்கின் பிரிவுகளை எல்லாம் ஒரு நொடியில் துடைத்துவிடும். குடும்பப் படங்கள் பறிபோகும் இடங்களில் இது முக்கியமானது. செய்ய வேண்டியது, கணினியை அணைத்து, மறுபடியும் பட்டியலைத் திறந்து, யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் பெயரைத் தேர்வது மட்டுமே.

அடையாள அட்டை கேட்கும் கணினி

‘செக்யூர் பூட் வயலேஷன்’ அல்லது ‘இன்வேலிட் சிக்னேச்சர்’ என்று சிவப்புப் பெட்டி வந்தால், பெண்டிரைவில் உள்ள இயங்குதளத்திற்குக் கணினி நம்பும் கையொப்பம் இல்லை என்று அர்த்தம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா போன்றவை கையொப்பத்தோடு வருவதால் பொதுவாக இந்தத் தடையைத் தாண்டிவிடும். வென்டாயில் எழுதியிருந்தால் முதல் முறை மட்டும் அதன் சாவியைப் பதிந்துகொள்ளும்படி கேட்கும். வேறு வழியே இல்லையென்றால் அமைப்புக்குள் நுழைந்து செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்கலாம். ஏசரில் அந்த வரி மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்’ ஒன்றை வைத்தால்தான் திறக்கும். அதை உடனே தாளில் எழுதி வைக்க வேண்டும். மறந்துபோனால் இருக்கிற தொல்லையை விடப் பெரிய தொல்லை.

செக்யூர் பூட்டில் கைவைக்கும் முன், இந்தக் கட்டுரையில் மற்ற எதைவிடவும் கவனமாகப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் ‘பிட்லாக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ எனும் பூட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால், ஏதோ திருட்டு வேலை நடக்கிறது என்று அது எண்ணிக்கொண்டு, அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாப்ட்டாலும் முடியாது.

கணினியை முதன்முதலில் அமைத்தபோது எந்த மைக்ரோசாப்ட் கணக்கு பயன்பட்டதோ, அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து, தன் சாதனத்தின் பெயரின் கீழ் மீட்பு எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலைக் கொண்டு கணினியை அமைத்திருந்தால் இன்னும் அவசரம். பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறிய பிறகு அந்தக் கணக்கு மூடப்படலாம். எண்ணும் அதோடு போய்விடும்.

எழுந்த பிறகும் இருட்டு

சின்னம் தோன்றிய பின் திரை கறுத்துப்போய் அப்படியே நின்றால், திரைச் செயலிக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். என்விடியா பொருத்திய கணினிகளில் இது அடிக்கடி நிகழும். லினக்ஸ் மின்ட்டின் தொடக்கப் பட்டியலிலேயே ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தால் எளிய திரை முறையில் எழும். அதற்கு முன் கொஞ்சம் பொறுத்தும் பார்க்க வேண்டும். பழைய துறையில் செருகிய பெண்டிரைவ் எழ ஐந்து நிமிடம் பிடித்தால் அதில் அதிசயமில்லை.

நீல நிறத் துறையில் எழாதது, பக்கத்துக் கறுப்புத் துறையில் எழுந்துவிடுவதும் உண்டு. நீலம் யூஎஸ்பி 3, கறுப்பு பெரும்பாலும் யூஎஸ்பி 2. பழைய கணினிகளில் யூஎஸ்பி 3 துறை தொடக்கத்தில் விழித்திருக்காது. இடையில் பல துறைப் பெட்டி எதையும் பொருத்தாமல் நேராகக் கணினியிலேயே செருக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போவதும், மாற்றி வைத்த அமைப்புகள் மறந்துபோவதும் தாய்ப்பலகையில் உள்ள காசு அளவு மின்கலம் தீர்ந்துவிட்டதன் அடையாளம். மேசைக் கணினியில் அது பொதுவாக சிஆர்2032 வகை. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும்.

முன்பு வசதி குறைந்த மாணவர்களுக்கு வழங்கப்பட்ட ஒரே மலேசியா நெட்புக் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். அதுபோன்ற பழைய நெட்புக்குகளில், ‘இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 செயலி தேவை’ என்ற வரி வந்தால் அங்கே 64 பிட் இயங்குதளம் எழாது. இன்றைய உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் 64 பிட் மட்டுமே. ‘ஆன்ட்டிஎக்ஸ்’ போன்ற எடை குறைந்த லினக்ஸ்கள் 32 பிட்டுக்கும் வெளிவருகின்றன.

முதல் வேலை, கோப்புகளை எடுப்பது

லினக்ஸ் திரை வந்துவிட்டால் ‘இன்ஸ்டால்’ சின்னத்தை உடனே தொட வேண்டாம். ‘லைவ்’ எனப்படும் இந்த நிலையில் எல்லாம் பெண்டிரைவிலிருந்தும் கணினியின் தற்காலிக நினைவகத்திலிருந்தும்தான் ஓடுகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்படவில்லை. கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தால் பழைய டிஸ்க் இடப்பக்கம் தெரியும். அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் சொந்தப் பெயர், அதற்குள் படங்களும் ஆவணங்களும். இன்னொரு பெண்டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ பொருத்தி, வேண்டியவற்றை நகலெடுத்துவிடலாம்.

டிஸ்க் திறந்தாலும் அதில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்று சில நேரம் சொல்லும். முன்பு சொன்ன அரைத்தூக்கத்தின் விளைவு அது. நகலெடுக்கப் படிக்க முடிந்தாலே போதும் என்பதால் கவலை இல்லை. கடவுச்சொல் கேட்டால் அது பிட்லாக்கர். அந்த 48 இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால், சில இன்டெல் கணினிகளில் ‘ஆர்எஸ்டி’ என்ற சேமிப்பு முறை அதை மறைத்திருக்கக்கூடும். அமைப்பில் அதை ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் அப்படியே விட்டால் விண்டோஸ் எழாது என்பதால், நகலெடுத்த பின் பழையபடி மாற்றி வைக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். அங்கே கெட்டிருப்பது டிஸ்க்கே. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் சேதம் கூடும். அது தரவு மீட்பு நிபுணரின் வேலை.

கோப்புகள் பத்திரமான பிறகு, நிறுவும்போது ‘இரேஸ் டிஸ்க்’ என்ற தேர்வு வரும் இடத்தில் எந்த டிஸ்க் என்று பெயரையும் அளவையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நகலெடுத்து வைத்த வெளி ஹார்ட் டிஸ்க் அப்போதும் செருகியே இருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் நிற்கும். அதை முன்னரே கழற்றிவிடுவது நல்லது. நிறுவி முடிந்ததும் ‘பெண்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தவும்’ என்று திரையில் வரும். எடுக்காமல் விட்டால் கணினி மறுபடியும் பெண்டிரைவிலிருந்தே எழுந்து, நிறுவும் திரையையே திரும்பக் காட்டும். நிறுவியது கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடியும் தொடங்க வேண்டியதில்லை. பெண்டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை முடுக்கிப் பார்த்தாலே போதும்.